பார்த்து ஓட்டு

பார்த்து ஓட்டு என்று சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

டிராக்டர் ரேடியேட்டரில் ஒழுகல், கீழ் டேங்க் கோரோடு, அதாவது தண்ணீர் ஆறுகிற நடுப்பகுதியோடு, சேருகிற ஓரத்தில். பழைய வண்டி, பித்தளை டேங்க். முறையாகச் செய்வதென்றால் ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்து ஈயம் பற்றவைக்க வேண்டும். அன்று சனிக்கிழமை சாயங்காலம். கடை திங்கட்கிழமைதான். முறைத் தண்ணீர் மறுநாளோடு சரி, நாற்றும் 30 நாள் தாண்டிவிட்டது. “எபாக்சி வச்சு விட்ருங்கண்ணே, ஒருநாள் தாங்கினாப் போதும்” என்றது டிரைவர் தம்பிதான். நானாக ஆரம்பிக்கவில்லை.

வேலையில் குறை சொல்ல முடியாது. தண்ணீரை இறக்கி, பித்தளை பளிச்சென்று தெரியும்வரை எமெரி போட்டு, பெட்ரோலில் துடைத்துக் காயவிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் ஒட்டாது, பலர் கோட்டை விடுவது அதில்தான். எபாக்சிப் பிசினின் இரண்டு துண்டையும் ஒரே நிறமாகிற வரை பிசைந்து அழுத்தி வைத்தேன். முழுசாய் இறுக 24 மணி நேரம் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஓர் இரவு.

ஓடுகிற வண்டியில் தண்ணீர் 80, 90 டிகிரிக்கு வரும். அந்தச் சூட்டில் சாதாரண எபாக்சி இளகும். மூடியை இறுக்கினால் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். அதனால் காலையில், மூடியை முழுசாய்த் திருகாதே, முதல் காடியிலேயே விடு என்றேன். அழுத்தம் ஏறாது, ஒட்டு தாங்கும். ஆனால் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும், ஆவியாய்ப் போய்க்கொண்டே இருக்கும், அரைமணிக்கு ஒருதரம் ஊற்ற வேண்டும். இந்தப் பின்பாதியைச் சொன்னேனா இல்லையா, அதுதான் நினைவில் இல்லை.

“ஓட்டலாமாண்ணே?”

“ஓட்டலாம். பார்த்து ஓட்டு.”

நான் சொன்னது சூட்டை. சேற்றில் ஓடுகிற இரும்புக் கேஜ் வீல் மாட்டிச் சேறு அடிக்கப் போகிறவனுக்கு அது வரப்பைப் பார், மடையைப் பார் என்றுதானே கேட்கும்? அந்த வண்டியில் ஹீட் மீட்டர் முள் செத்துப் பல மாதம் ஆயிற்று. அதுவும் எனக்குத் தெரியும்.

மத்தியானம் வெள்ளைப் புகை. இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்திருந்தது. நான் ஓடிப்போய் முதலில் தடவிப் பார்த்தது ஒட்டைத்தான். ஒரு சொட்டுக் கசிவில்லை. மறைப்பானேன், அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

முதலாளி வரப்பிலிருந்தே கத்தினார். “மெக்கானிக்கே பார்த்து ஓட்டச் சொன்னாருல்லடா?” அப்புறம் என் பக்கம் திரும்பினார். “சொன்னீங்கல்ல?”

“சொன்னேங்க.”

தம்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். அந்தப் போகச் சம்பளம் பிடித்தமாயிற்று. இப்போது அறுவடை மிஷின் ஓட்டுகிறானாம். நல்ல காசு என்கிறார்கள். அதைக் கேட்டு மனசைத் தேற்றிக்கொள்வதும் உண்டு.

வரப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது. அப்படியானால் தண்ணீர் ஊற்றச் சொல்லித்தானே இருக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். “குடத்துல தண்ணி இருந்துச்சா?” என்றாள். பார்க்கவில்லை. குடிக்கிற தண்ணீர்க் குடமாகவும் இருக்கலாம்.

ஹெட்டை லேத்துக்கு அனுப்பிவிட்டு ரேடியேட்டரைப் பற்றவைக்கிற கடைக்கு நானே எடுத்துப்போனேன். பிசின் இருக்கிற இடத்தில் ஈயம் பிடிக்காது. சுரண்டிச் சுரண்டி கடைக்காரருக்குக் கை வலித்துவிட்டது. பெயராமல் கல் மாதிரி நின்றது.

“எவன்யா இதை வச்சது?” என்றார்.

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன்.