ஏரிக்கரை நாட்குறிப்பு

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

இன்று உலக ஈரநில நாள். 1971-இல் இதே தேதியில்தான் காஸ்பியன் கடலோரத்து ராம்சார் நகரில் ஈரநிலங்களுக்கான உடன்படிக்கை உருவானது. அதைச் சாக்காக வைத்து எங்கள் குழுவின் இந்த ஆண்டு முதல் கூடுகையை ஏரிக்கரையில் வைத்தோம். பேர் கொடுத்தவர்கள் 41. வந்தவர்கள் 17.

வராதவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாரம் முழுக்கத் திரையையே பார்த்த கண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் எவ்வளவு வேண்டியிருக்கும் என்று தெரியும். உறுத்துவது வேறு. வந்த 17 பேரில் 11 பேர் புதியவர்கள். அப்படியென்றால் போன ஆண்டு கையுறை மாட்டிக்கொண்டு சேற்றில் நின்றவர்கள் எல்லாம் எங்கே? ஒரு தடவை வருகிறார்கள், நான்கு மூட்டை குப்பை அள்ளுகிறார்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள், மனநிறைவோடு போய்விடுகிறார்கள். உண்மையான நிறைவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஏரிக்கு அதைத் தெரிந்த ஆட்கள் வேண்டும். போன மாதம் தண்ணீர் எந்தக் கல்வரை நின்றது, எந்த நாணல் புதரில் தாழைக்கோழி ஒளியும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லக்கூடிய பத்துப் பேர் போதும்.

பிப்ரவரி 15, சனி

உலகம் முழுக்க நான்கு நாள் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பின் இரண்டாம் நாள். அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் சேர்ந்து 1998-இல் தொடங்கியது. 2013 முதல் எந்த நாட்டிலிருந்தும் பட்டியல் அனுப்பலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததை எல்லாம் எண்ணி ஈபேர்ட் என்ற இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். காக்கையையும் விடக்கூடாது.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போன முறை வந்தவன், இன்றும் வந்தான். ஏரி நடுவே நாமக்கோழிக் கூட்டம், கறுப்பாகத் திட்டுத் திட்டாக மிதக்கிறது. பாதி பறவை மூழ்கி எழுந்துகொண்டே இருக்கிறது. “இதை எப்படிக்கா எண்ணுறது?” என்றான். எனக்குக் கற்றுக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். முதலில் பத்தை மட்டும் எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள். அந்த அளவை எடுத்துக் கூட்டத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போ. மூன்று முறை எண்ணினான். 240, 210, 250. நான் எண்ணியது 230. முகம் முழுக்கச் சிரிப்பு. கிளம்பும்போது, அடுத்தது எப்போது என்று அவனாகவே கேட்டான். இந்தக் கேள்வியைப் போன ஆண்டு முழுக்க யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மார்ச் 14, வெள்ளி

வேலை முடிந்து வருபவர்களுக்காக ஒரு மாலைக் கூடுகை. சேறு இல்லை, கையுறை இல்லை. பேச்சு, படக்காட்சி, ஒரு வினாடி வினா. இதெல்லாம் எதற்கு, நேராக ஏரிக்கே போகலாமே என்று குழுவில் சிலருக்குக் குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்த முகம் நாலு இருந்தால்தான் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து வர மனசு வரும்.

வினாடி வினாவில் நான் கேட்ட ஒரு கேள்வியிலேயே அரை மணி நேரம் ஓடிவிட்டது. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் நாளில் நண்பர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வேட்டைக்குப் போவார்கள். எந்த அணி அதிகம் சுட்டுக் குவிக்கிறதோ அதற்கு வெற்றி. பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900-இல், சுடுவதற்குப் பதிலாக எண்ணிப் பார்க்கலாமே என்றார். அந்த டிசம்பர் 25 அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றைக்கும் நடக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலான பட்டியல் கையில் இருப்பதால்தான் எந்தப் பறவை குறைகிறது, எது வடக்கே நகர்கிறது என்று அடித்துச் சொல்ல முடிகிறது. சாப்மன் அந்தக் கூட்டத்தைக் கலைக்கவில்லை. நண்பர்கள் சேர்ந்து வெளியே போகும் ஆசையை அப்படியே விட்டுவிட்டு, கையில் இருந்ததை மட்டும் மாற்றினார். எனக்கு அதில்தான் மனசு நிற்கிறது.

கூடுகை முடியும் நேரம் என் அலுவலகத்துத் தோழி ஒருத்தி வந்து, நம் ஆட்கள் 60 பேரை ஏரிக்குக் கூட்டி வரலாமா, மரக்கன்று நடலாமா என்று கேட்டாள். உடனே சரி என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

60 பேர் என்று சொன்னது 63 ஆனது. கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு வெட்டவெளி கிடக்கிறதே, அங்கே 60 கன்றுகள். இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. இவ்வளவு பேரை ஏரிக்கரையில் இதுவரை பார்த்ததில்லை.

ஏப்ரல் 26, சனி

இன்று எழுதுவது சிரமமாக இருக்கிறது.

நகரங்களுக்கு இடையே நான்கு நாள் நடக்கும் இயற்கைப் பதிவுப் போட்டி நேற்றுத் தொடங்கியது. கண்ணில் படும் செடி, பூச்சி, பறவை எதையும் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். ஏழு பேர் வந்திருந்தோம். வெட்டவெளியின் ஓரத்தில் கால் வைத்ததுமே ஆள்காட்டிப் பறவை கத்தத் தொடங்கியது. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு அந்தப் பேர். ஆனால் இது வழக்கமான கத்தல் இல்லை. தலைக்கு மேலே சுற்றுகிறது, தாழ்ந்து பாய்கிறது, எதிர்ப்பக்கம் போய் இறங்கி அங்கே ஏதோ இருப்பதுபோல் உட்கார்ந்து காட்டுகிறது. எல்லாரும் அப்படியே நில்லுங்கள் என்றேன்.

வங்கித் தம்பிதான் பார்த்தான். அவன் செருப்பிலிருந்து மூன்றடி தூரத்தில், மண்ணில் உள்ளங்கை அளவு ஒரு பள்ளம். சுற்றிலும் சின்னச் சின்னக் கூழாங்கல். நடுவில் நான்கு முட்டைகள், கூர்முனை உள்ளே பார்த்தபடி. மண் நிறத்தில் கறுப்பு மை தெறித்த மாதிரி. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் கல் எது, முட்டை எது என்று தெரியவில்லை.

அந்தக் கூட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நட்ட கன்று. அந்தப் பக்கமும் நாங்கள் நட்ட கன்று.

ஆள்காட்டி கூடு கட்டுவது திறந்த தரையில். உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிய தூரம்வரை பார்வை ஓட வேண்டும். நாளைக்கு இந்தக் கன்றுகள் மரமானால், முட்டைக்கும் குஞ்சுக்கும் அலையும் காக்கைக்கும் வல்லூறுக்கும் உட்கார இடம் கிடைக்கும்; ஆள்காட்டி இங்கே முட்டையிடாது. சேற்றோரம் மேயும் உள்ளான்களும் விலகிப் போகும். வெட்டவெளி என்று நான் நினைத்தது காலி இடம் இல்லை. இத்தனை ஆண்டு இந்த ஏரியைச் சுற்றி நடந்தவள், யாரையும் கேட்காமல் சரி சொன்னேன். இந்தத் தவறு என்னுடையது.

படத்தை ஏற்றும்போது கூடு இருக்கும் இடத்தின் துல்லியக் குறியீடு வெளியே தெரியாதபடி மறைத்துவிட்டோம். ஒருவரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

அலுவலகத்தில் இரண்டாம் கட்ட நடவுக்குத் தேதி குறித்திருந்தார்கள், இன்னும் 100 கன்று. பொறுப்பாளரைப் பார்த்து, வேண்டாம் என்றும் நட்டதையே எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். “நட்ட மரத்தைப் பிடுங்கினோம்னு நான் மேலே எப்படிம்மா சொல்றது?” என்றார். வெளியிட்ட படங்கள், அறிக்கையில் ஏறிவிட்ட எண்ணிக்கை, அவர் கவலை அவருக்கு. முட்டைப் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். சரியென்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. 100 கன்று நடும் திட்டம் மட்டும் நின்றுபோனது.

அடைகாக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதுவரை கன்றைத் தொடக்கூடாது, அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. தண்ணீர் ஊற்றக்கூடப் போகவில்லை.

மே 18, ஞாயிறு

மூன்று குஞ்சுகள்! கரை மேலிருந்து தொலைநோக்கியில் பார்த்தோம். பொரிந்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடக்கிற சாதி அது. பஞ்சு உருண்டைக்குக் குச்சிக் கால் வைத்த மாதிரி. தாய் ஒரு குரல் கொடுத்ததும் மூன்றும் இருந்த இடத்திலேயே படுத்து மண்ணாகிவிட்டன. நான்காவது முட்டை என்ன ஆனது என்று தெரியவில்லை. தம்பி எண்ணி எழுதினான்: ஆள்காட்டி 5.

ஜூன் 15, ஞாயிறு

கன்று இடம் மாற்றும் நாள். கரைக்கு வெளியே பாதையோரத்தில் முன்கூட்டியே குழி எடுத்து வைத்திருந்தோம். வெயில் தாழ்ந்த பிறகுதான் தொடங்கினோம். வேரைச் சுற்றி ஒரு முழம் விட்டுக் கடப்பாரையால் கிளறி, தாய்மண் உதிராமல் சாக்கில் தூக்கி, இலையில் பாதியைக் கழித்துவிட்டு நட வேண்டும். 60-இல் 38 உயிரோடு இருந்தது. 38-ஐயும் மாற்றினோம்.

அலுவலகத்திலிருந்து அன்று வந்த 63 பேரில் இன்று வந்தவர்கள் 9. அந்த 9 பேரில் பொறுப்பாளரும் ஒருவர். யாருக்கும் சொல்லாமல், பழைய சட்டையில், கடப்பாரையோடு வந்திருந்தார். நான் எதுவும் பேசவில்லை. பக்கத்தில் நின்று சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆகாயத்தாமரை அகற்றும் வேலை. தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக உலகம் சுற்றிய களை இது. காம்பைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே பஞ்சு பஞ்சாகக் காற்றறை, அதனால்தான் மிதக்கிறது. முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் என்பதால் ஒரு கூடை தூக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. ஒரு துண்டு தப்பினாலும் மறுபடி பரவும். புதியவர்களுக்கு இரண்டு விஷயம் திரும்பத் திரும்பச் சொன்னோம். இழுத்த செடியை உடனே அள்ளிப் போகாமல் ஓரிரவு கரையிலேயே, தண்ணீரில் சரியாத தூரத்தில் போட்டு வையுங்கள்; வேர்க்கொத்துக்குள் இருக்கும் நத்தையும் பூச்சியும் தாமாக ஏரிக்குத் திரும்பட்டும். போகும்முன் பூட்ஸையும் கூடையையும் கழுவிக் காய வையுங்கள். அடுத்த ஏரிக்கு நாமே களையைச் சுமந்து போகக்கூடாது. சொன்னது நான் இல்லை, வங்கித் தம்பியும் பொறுப்பாளரும். நான் கூடை தூக்கிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 20, சனி

பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாள். பேர்தான் கடற்கரை, ஏரி, ஆறு எல்லாம் சேர்த்திதான். 1986-இல் டெக்சாஸில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் தொடங்கியபோது 2,800 பேர் வந்தார்கள். குப்பையை அள்ளுவதோடு விடாமல் ஒவ்வொரு பொருளையும் வகை பிரித்து அட்டையில் எழுத வைத்தார்கள். எழுதினால்தான் எது எங்கிருந்து வருகிறது என்று கேட்க முடியும்.

எங்கள் அட்டையில் இன்று சிகரெட் முனை 312. அது பஞ்சு இல்லை, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் என்றதும் எப்போதும்போல் புதியவர்கள் நம்பவில்லை. பாட்டில் மூடி 187. தூண்டில் நரம்பு ஒரு பெரிய சிக்கல், அதற்குள் நாமக்கோழியின் கால் எலும்பு ஒன்று.

வந்தவர்கள் 26. புதியவர்கள் 8 பேர்தான். ஒரு பெண் கரையில் நின்று, ஏரி இப்போது நிரம்பியிருக்கிறதா, வற்றியிருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேர் ஒரே நேரத்தில் அந்தக் கல்லைக் காட்டினார்கள்.