இரண்டாம் வகுப்பில் முதல் நாள்
கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அன்று என் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பறையையே பார்க்காதவர்கள். அம்மாவின் முந்தானையை விடாத அழுகை எனக்குப் புதிதல்ல. ஆனால், பக்கத்தில் இன்னொரு குழந்தை வந்து உட்கார்ந்ததும் ஓரத்துக்கு நகர்ந்து, பென்சிலைக் கேட்டால் கொடுப்பதா மறைப்பதா என்று தெரியாமல் விழித்த முகங்களை நான் அதுவரை கண்டதில்லை. கற்றல் இழப்பை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே பாடம் சொல்லித்தர வந்த இல்லம் தேடிக் கல்வி நல்ல திட்டம்தான். எழுத்தை மாலையில் சொல்லித்தந்துவிடலாம். சண்டையிட்டுச் சமாதானமாவதைக் கூட்டாளிகளோடு ஆடித்தான் பழக வேண்டும். ஆகவே முதல் இரண்டு வாரம் பாடநூலைத் திறக்காமல் கண்ணாமூச்சி ஆடவிட்டேன் (முகக்கவசத்தோடு அது தனிக் கூத்து). மூன்றாம் வாரம், பென்சிலைப் பிடுங்கிவிட்டாள் என்று ஒருத்தி புகார் சொல்ல ஓடிவந்தாள்.