அத்தையின் ரிப்போர்ட்டில் வந்த 0.01

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அத்தை முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். இப்போது சுற்றிலும் செம்பனைதான், ஆனாலும் காலை நாலரைக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். போன வருடம் சும்மா ஒரு முழுப் பரிசோதனை எடுத்தோம். தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே, பக்கத்தில் நட்சத்திரக் குறி. சாதாரண அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. தைராய்டு மிதமிஞ்சி வேலை செய்தால் இந்த எண் இறங்கிவிடும், அதனால் மாத்திரை தொடங்கலாமா என்றார்கள். வீட்டில் யாருக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 சரியாக இருந்தது. அத்தை இளைக்கவும் இல்லை. ஒரு வாரம் கழித்து இன்னொரு டாக்டர் வேறு லேபுக்கு இரத்தம் அனுப்பினார். அங்கே 2.3!

இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். டி.எஸ்.எச். ஒரே அச்சில் வார்த்த பொருள் இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் இந்த ஹார்மோனில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு புரதத் துண்டுகள் சேர்ந்திருக்கும், மூன்று இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். அந்தச் சங்கிலியின் நுனி ஆளுக்கு ஆள், ஏன் ஒரே ஆளுக்குள்ளேயே, மாறும். நுனியில் சல்பேட் இருந்தால் கல்லீரல் சீக்கிரம் பிடித்து அகற்றிவிடும், சியாலிக் அமிலம் இருந்தால் இரத்தத்தில் கூடுதல் நேரம் சுற்றும். தைராய்டு தளர்ந்துபோனவர்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் கூடுகிறது. பிட்யூட்டரியிலோ அதற்கு மேலே அதை இயக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸிலோ கோளாறு இருந்தால் வருகிற டி.எஸ்.எச். வலுவில்லாமல் இருக்கலாம், எண்ணைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. சிலருக்கு உடலின் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) டி.எஸ்.எச்.-இல் ஒட்டிப் பெரிய உருவமாகி, நோயே இல்லாமல் எண் எகிறும்.

அத்தையுடையது இதற்கு நேர்மாறு. 2014-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, தெற்காசிய வம்சாவளியினர் சிலருக்கு நல்ல ஆரோக்கியத்திலும் டி.எஸ்.எச். பூஜ்யமாகவே வந்ததைச் சொல்கிறது. பீட்டா துண்டின் 55-ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின் என்ற இன்னொன்று. ஹார்மோன் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, ஆனால் லேப் கருவிகள் ஆன்டிபாடியை வைத்துத்தான் ஹார்மோனைப் பிடித்து அளக்கின்றன; ஒரு வகைக் கருவியின் ஆன்டிபாடிக்கு இது பிடிபடுவதில்லை. வேறு கருவியில் வைத்தால் சரியான எண் வந்துவிடும். இந்த மாற்றம் அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் வந்தால்தான் இப்படி முழுக்க மறையும். என் தாத்தாவும் பாட்டியும் அத்தை மகன், மாமன் மகள். படித்துக்கொண்டிருந்தபோதே இது நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தைக்கு மரபணுச் சோதனை செய்யவில்லை, அதனால் இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஜனங்கள் நிறைய இருக்கும் இந்த ஊர்களில் டி.எஸ்.எச். மட்டும் பூஜ்யமாக வந்து, டி4-ம் ஆளும் நன்றாக இருந்தால், மாத்திரைக்கு முன்னால் வேறு கருவியில் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

அந்த இரண்டாவது டாக்டர் இரத்தம் எடுக்கும் முன்பே அத்தையை இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தைராய்டு மிஞ்சினால் கை நடுங்கும், தாள் அதைக் காட்டிக்கொடுக்கும். பால் கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். தாள் அசையவே இல்லை.