தேதியில்லாத பக்கம்

சட்ட வெளியீட்டு நிறுவனம் ஒன்றில், இணையத் தரவுத்தளத்தின் ஆசிரியர் குழுவில் வேலை செய்கிறேன். சேர்ந்த புதிதில் எங்கள் உழைப்பை எண்ணிக்கையால்தான் அளந்தோம். இந்த வாரம் எத்தனை தீர்ப்புகள் ஏறின, எத்தனை சட்டங்கள் சேர்ந்தன என்று வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அறிக்கை போகும். எண் கூடினால் மேலாளருக்கு மகிழ்ச்சி. அவர் மகிழ்ந்தால் எங்களுக்கும் நிம்மதி.

அந்த நிம்மதியை ஒரு மூத்த வழக்கறிஞர் கலைத்தார். எங்கள் தளத்திலிருந்து அச்செடுத்த ஒரு பிரிவை நீதிமன்றத்தில் வாசித்திருக்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, அது திருத்தப்பட்டுவிட்டது என்று சொல்லிப் புதிய வாசகத்தை நீட்டியிருக்கிறார். "இத்தனை வருடத் தொழிலில் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை, தம்பி" என்றார் தொலைபேசியில். கோபித்துக் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பிழையைத் தேடினேன். அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. திருத்தச் சட்டமும் எங்கள் தளத்திலேயே தனிப் பக்கமாக இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே கூரையின் கீழ் குடியிருந்தன. அவசர அவசரமாகப் பழைய வாசகத்தை நீக்கிப் புதியதை வைத்தோம். இரண்டு மாதம் கழித்து வேறொருவர் அழைத்தார். "பழைய பிரிவு எங்கே போயிற்று? என் கட்சிக்காரர் ஒப்பந்தம் போட்டது திருத்தத்துக்கு முன்னால். எனக்கு அதுதான் வேண்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வழக்கறிஞர் தேடுவது எப்போதும் ஏதோ ஒரு நாளின் சட்டத்தை. 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. ஏமாற்றுதலுக்கு 420 போய் 318 வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த ஏமாற்றுக்கு இன்றும் 420-தான். பழையதை அழித்துவிட்ட தளம் பாதி வழக்குகளுக்கு உதவாது.

இது ஏதோ எங்கள் ஒருவரின் அசட்டை என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. இணையத்தில் புண்படுத்தும் செய்திகளை அனுப்புவதைக் குற்றமாக்கிய, இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. ஆறு ஆண்டுகள் கழித்தும் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிவந்ததை அறிந்து நீதிமன்றம் அதிர்ந்தது. சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே அச்சாகிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில் மட்டும் இருக்கிறது என்று அப்போது அட்டர்னி ஜெனரல் விளக்கினார். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? நாங்கள் இப்போது அத்தகைய செய்தியைப் பிரிவின் தலையிலேயே, உரைக்கு முன்னால் வைக்கிறோம். பக்கத்தின் அழகு கெடுகிறது என்று வடிவமைப்பாளர் முகம் சுளித்தார். கெடட்டும்.

அடுத்த தலைவலி தேடல். 1985-இல் பிளேர், மேரன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விபத்து வழக்கின் ஏறத்தாழ 40,000 ஆவணங்களை வைத்துச் சோதித்தார்கள். வேண்டியவற்றில் முக்கால் பங்கு கிடைத்துவிட்டது என்று வழக்கறிஞர்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு தரப்பு "விபத்து" என்று எழுதியதை மறுதரப்பு "நிகழ்வு" என்றும் "சம்பவம்" என்றும் எழுதியிருந்தது. கண்ணில் படாத ஆவணம் தான் விடுபட்டதை யாரிடமும் வந்து சொல்வதில்லை.

எங்கள் தளத்தில் விடைகளே வராத தேடல்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மக்கள் "ஜீவனாம்சம்" என்று தேடுகிறார்கள். எங்கள் சுருக்கக் குறிப்புகளில் "பராமரிப்புத் தொகை" என்றே எழுதி வைத்திருந்தோம். நீதிமன்ற வாசலில் புழங்கும் சொல்லை நாங்கள் கொச்சை என்று ஒதுக்கியிருந்தோம் போலும். இப்போது அந்தப் பட்டியலை வாரம் ஒருமுறை படித்து, இணைச் சொற்களைச் சேர்க்கிறேன். அலுப்பான வேலைதான். ஆனால் புதிய தேடுபொறி வாங்கச் செலவழித்த பணம் தராத பலனை இது தந்தது.

தீர்ப்புகள் வந்து சேரும் கோலத்தைத் தனியாகப் புலம்பலாம். கணினியில் தட்டச்சான தீர்ப்பை அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து படமாக அனுப்புவார்கள். அந்தப் படத்திலிருந்து எழுத்துகளை மறுபடி மீட்பது எங்கள் பாடு. எண் 1-ஐ ஆங்கில எழுத்தாக மென்பொருள் படித்துவிட்டால், 11-ஆம் பிரிவைத் தேடுகிறவருக்கு அந்தத் தீர்ப்பு இல்லாததுதான். சில இடங்களில் நிலைமை தேறியிருக்கிறது. பிரிட்டனில் 2001 முதல் தீர்ப்புக்கு நீதிமன்றமே எண் கொடுத்து, பத்திகளுக்கும் எண்ணிடுகிறது; இந்திய உச்ச நீதிமன்றமும் 2023-இல் தன் தீர்ப்புகளுக்குச் சொந்த எண் தந்தது. எந்தப் பதிப்பகத்தின் எந்தப் பக்கம் என்று சொல்லாமலே தீர்ப்பைச் சுட்டலாம். பதிப்பகத்தில் சம்பளம் வாங்கும் நான் இதைப் புகழ்வது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம்.

இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். 2023-இல் நியூயார்க் வழக்கு ஒன்றில், எங்குமே இல்லாத தீர்ப்புகளை அது கற்பனை செய்து தர, தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. எனக்கு அந்தக் கற்பனைத் தீர்ப்புகளைப் பற்றி அவ்வளவு பயமில்லை. தேடிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மேல்முறையீட்டில் கவிழ்ந்துபோன உண்மைத் தீர்ப்பைப் பற்றித்தான் பயம். அது தேடினால் கிடைக்கும், படித்தால் சரியாக இருக்கும்.

என் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. நிறைவேறியும் அமலுக்கு வராத பிரிவுகள் அதில் இருக்கின்றன. சட்டம் ஒரு நாளில் நிறைவேறும். அதன் பிரிவுகள் அரசு அறிவிக்கும் வெவ்வேறு நாட்களில் உயிர் பெறும். சில உயிர் பெறாமலே கிடக்கும். திங்கட்கிழமை காலையில் அரசிதழையும் அந்தக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்கிறேன். போன வாரம் இரண்டு வரிகளை அடித்தேன், ஐந்து வரிகளைச் சேர்த்தேன்.