ஸ்கூல் கிராண்ட் 50 ஆயிரத்த செலவு பண்ண நாங்க பட்ட பாடு

புதுசா எச்எம் சார்ஜ் எடுத்தவங்க நெறைய பேரு போன் பண்ணி ஒரே கேள்விய தான் கேக்கறாங்க, "டீச்சர், கிராண்ட் லிமிட் ஏறியிருக்கு, இப்ப என்ன பண்ணணும்"னு. அரசு ஸ்கூலோட செலவுக்கு வருஷா வருஷம் வர்றது தான் கிராண்ட், அதுல எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்ங்கறது தான் லிமிட். ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் 2023-24ல எங்க யூனியன் மிடில் ஸ்கூல்ல நடந்தத இங்க எழுதிடறேன். பிஎஃப்எம்எஸ் (அரசுப் பணம் போற ஆன்லைன் முறை) லாகின், மேக்கர் (பில்ல பதிவு பண்றவரு), செக்கர் (சரிபாத்து அனுப்பறவரு) எல்லாம் பிஆர்சில (வட்டார வள மையத்துல) உக்காரவச்சு சொல்லிக் குடுத்துடுவாங்க, அதுல ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. எங்க ஊர்ல ஓடிபி வாங்க மொட்டமாடிக்கு ஏறணும், அவ்வளவு தான்.

மொதல்ல எவ்வளவு வரும்ங்கற விஷயம். சமக்ர சிக்ஷாங்கற மத்திய அரசு கல்வித் திட்டத்துல ஸ்கூல் கிராண்ட் பசங்க எண்ணிக்கைய வச்சு தான். 30 பேர் வரைக்கும் 10 ஆயிரம், 100 வரைக்கும் 25 ஆயிரம், 250 வரைக்கும் 50 ஆயிரம், 1000 வரைக்கும் 75 ஆயிரம், அதுக்கு மேல 1 லட்சம். எண்ணிக்கைன்னா இன்னிக்கு உங்க அட்டெண்டன்ஸ்ல இருக்கறது இல்லங்க, முன்னாடி யூடைஸ்ல (நாடு முழுக்க ஸ்கூல் விவரம் எடுக்கற கணக்கெடுப்புல) போன எண்ணிக்கை, எங்களுக்கு அப்ப செப்டம்பர் 30 தான் கணக்கு நாள். மார்ச்ல வந்து "எனக்கு ஏன் கம்மி"ன்னு சண்ட போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல.

எங்களுக்கு 2022 செப்டம்பர்ல எமிஸ்ல (நம்ம மாநிலத்தோட ஆன்லைன் மாணவர் பதிவுல) இருந்தது 99 பேர். வகுப்புல உக்காந்து படிச்சது 101. அந்த ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி, அஞ்சாவதும் மூணாவதும். அப்பா கொத்தனார், சாரத்துல இருந்து விழுந்து கால் போச்சு, ஃபீஸ் கட்ட முடியாம பக்கத்துல இருக்கற பிரைவேட் ஸ்கூல்ல இருந்து நிறுத்தி எங்ககிட்ட கொண்டுவந்து விட்டாங்க. அந்த ஸ்கூல்ல எமிஸ்ல இருந்து ரிலீஸ் பண்ணவே மாட்டேங்கறாங்க. ஸ்கூல் மாறற பசங்க பேரு காமன் பூல்ங்கற பொதுப் பட்டியலுக்கு வரணும், அவங்க அதுக்கு விட்டா தான நான் எடுக்க முடியும்? கரெஸ்பாண்டன்ட்டுக்கு (அந்த ஸ்கூல் நிர்வாகிக்கு) போன் போட்டா "பாக்கிய கட்டச் சொல்லுங்க மேடம், அஞ்சு நிமிஷத்துல ரிலீஸ் பண்ணிடறோம்"னு சிரிச்சுகிட்டே சொல்றாரு. பசங்க எமிஸ்ல இல்லன்னா கிராண்ட் மட்டும் இல்ல, யூனிஃபார்ம், நோட்டு, புத்தகம் எதுவும் அவங்க பேர்ல வராது, அந்த பாப்பாவுக்கு போன வருஷ பசங்களோட பழைய புக்க வச்சு தான் ஓட்டினேன்.

சரின்னு கல்வி ஆபீசுக்குப் போனேன். அங்க இருந்த கிளார்க் நான் குடுத்த லெட்டர படிக்கக்கூட இல்ல, "டிசி (மாற்றுச் சான்றிதழ்) இல்லாம ஏன் மேடம் சேத்தீங்க"ன்னாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. டிசி இல்லன்னு புள்ளைய திருப்பி அனுப்பினா தான் தப்பு, சேத்தது எப்படி தப்பாகும்? ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டம் 2009ல 5வது பிரிவுலயே இருக்கு, டிசி வர லேட்டாகுதுன்னு அட்மிஷன மறுக்கக் கூடாது, உடனே டிசி தராம இழுத்தடிக்கிற பழைய ஸ்கூல் எச்எம் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்னு. அத சொன்னதுக்கு "அதெல்லாம் சட்டத்துல இருக்கும் மேடம், நீங்க முறையா எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாப்போம்"னாரு. பாப்போம்னா பாக்க மாட்டோம்னு அர்த்தம், இத்தன வருஷ சர்வீஸ்ல இதாவது தெரியாதா.

அன்னிக்கு ராத்திரியே அந்தப் பிரிவ அப்படியே மேற்கோள் போட்டு ஒரு லெட்டர் எழுதினேன், பசங்களோட அம்மா கையெழுத்தோட. ஒண்ணு அந்த ஸ்கூலுக்கு ரிஜிஸ்டர்டு தபால்ல, ஒப்புகை அட்டையோட. நகல் பிஇஓவுக்கு (வட்டாரக் கல்வி அலுவலருக்கு) ஒண்ணு, மாவட்டக் கல்வி ஆபீசுக்கு ஒண்ணு. யாருக்கெல்லாம் நகல் போகுதுன்னு லெட்டரோட அடியில வரிசையா எழுதணும், அது தான் முக்கியம், மேல இருக்கறத யாரும் படிக்கறது இல்ல. அட்டை கையெழுத்தாகி திரும்பி வந்த மறுநாள் ரெண்டு பேரும் பூல்ல கெடக்காங்க. ஒரு போன் இல்ல, ஒரு வார்த்தை இல்ல. எடுத்து சேத்தாச்சு, எண்ணிக்கை 101. ரெண்டு குழந்தைங்களால 25 ஆயிரம் 50 ஆயிரமாச்சு. பின்னாடி 2024ல சென்னை ஹைகோர்ட்டே, ஃபீஸ் பாக்கி வசூல் பண்ற கருவியா டிசிய வச்சுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, இப்ப உங்களுக்கு யாராவது இப்படி பண்ணா, அந்தத் தீர்ப்பு இன்னும் அமல்ல இருக்கான்னு பாத்துட்டு அதையும் சேத்து எழுதுங்க.

அடுத்து பணம். பாதி முன்னாடியே வந்துச்சு, அது பெருக்க, துடைக்க, சாக்பீஸ், கரண்ட் ரிப்பேர்னு போயிடுச்சு, தொல்லை இல்ல. கிராண்ட்ல 10 சதவீதமாவது சுத்தம் சுகாதாரத்துக்குன்னு காட்டணும், பினாயில், சோப்பு, குப்பைத்தொட்டி பில்ல தனியா எடுத்து வச்சுக்குங்க, கடைசில தேடாதீங்க. மீதி 25 ஆயிரம் ஏறினது மார்ச் தொடக்கத்துல. பணம்னு சொல்றேனே தவிர அக்கவுண்ட்ல பணமே இருக்காது, 2021ல எஸ்என்ஏ முறை (திட்டத்துப் பணம் மொத்தமும் மாநில அளவுல ஒரே அக்கவுண்ட்ல இருக்கறது) வந்ததுல இருந்து நம்மளது ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட், வெறும் லிமிட் தான், செலவு பண்ணா பணம் மேல இருந்து போகும், பண்ணலன்னா லிமிட்ட அப்படியே எடுத்துடுவாங்க. செக்கு கிழிச்சு பணமா எடுக்கற காலம் போச்சு.

எஸ்எம்சில (பள்ளி மேலாண்மைக் குழுவுல) தீர்மானம் போட்டு பசங்க டாய்லெட்டுக்கு பைப், குழாய் மாத்தறதுன்னு முடிவு பண்ணோம். ஹார்டுவேர் கடைக்காரருக்கு ஜிஎஸ்டி பில் இருக்கு, கரண்ட் அக்கவுண்ட் இருக்கு, பிஎஃப்எம்எஸ்ல வெண்டரா, அதாவது பணம் வாங்கறவரா ஏத்தினதும் ஓகே ஆயிடுச்சு. பிளம்பர் அண்ணன் கிட்ட தான் மாட்டிகிட்டேன். அவரு குடுத்த பாஸ்புக் இன்னொரு பேங்கோட இணைச்சிட்ட பழைய பேங்க்கோடது, பழைய ஐஎஃப்எஸ்சி, அக்கவுண்ட் சரிபாக்கறப்ப ரிஜெக்ட். புது பாஸ்புக் வாங்கிட்டு வாங்கண்ணான்னா "வேலை கெடக்குது டீச்சர், நீங்க காசா குடுத்துடுங்க"ங்கறாரு. காசா குடுக்க வழியே இல்லன்னு அவருக்குப் புரிய வைக்கறதுக்குள்ள ஒரு வாரம் போச்சு. அதனால சொல்றேன், வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வெண்டர் அக்கவுண்ட் அப்ரூவ் ஆயிடுச்சான்னு பாருங்க. பைப்ப மாட்டினதுக்கு அப்புறம் பேரு ரிஜெக்ட் ஆனா நம்ம கைக்காசு தான்.

இப்ப பிபிஏ கதைக்கு வர்றேன், அதாவது இவங்களுக்குப் பணம் அனுப்புங்கன்னு பிஎஃப்எம்எஸ்ல பிரிண்ட் எடுத்து பேங்க்ல குடுக்கற அட்வைஸ் காகிதம், எனக்கு இன்னும் ஆறலங்க. எல்லாரும் மார்ச் 31 மார்ச் 31னு தான் பயமுறுத்துவாங்க. ஆனா பிபிஏ பிரிண்ட் எடுத்த தேதில இருந்து 10 நாள் தான் உயிரு, அதுக்குள்ள பேங்க்ல அத கிளியர் பண்ணலன்னா செத்துடும். நானும் எஸ்எம்சி தலைவியும் கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு பிரான்ச்சுல கொண்டுபோய் குடுத்தோம். கவுண்டர்ல இருந்தவரு வாங்கி ஒரு ட்ரேல போட்டாரு. "சர்வர் ஸ்லோவா இருக்கு, மதியம் பாத்துடறேன் மேடம்." அப்பப்ப போன் பண்ணா "பெண்டிங்ல இருக்கு, போட்டுடறேன்." நானும் அரசாங்க பேங்க் தானன்னு விட்டுட்டு எலெக்ஷன் டியூட்டி ட்ரெய்னிங்குக்கு ஓடிட்டு இருந்தேன். கடைசில போய் நின்னா, காகிதம் அதே ட்ரேல அதே எடத்துல, மேல ஒரு எல்ஐசி காலண்டர். "இது எக்ஸ்பைரி ஆயிடுச்சே மேடம், வேற எடுத்துட்டு வாங்க"ன்னு என்கிட்டயே நீட்டறாரு, ஏதோ நான் வீட்ல வச்சிருந்து லேட்டா கொண்டுவந்த மாதிரி.

பழசு கேன்சல் ஆகணும், மறுபடி மேக்கர், மறுபடி செக்கர், மறுபடி மொட்டமாடி. புதுசு எடுத்துட்டு தலைவிய கூட்டிட்டு நேரா மேனேஜர் ரூமுக்கே போயிட்டேன். அங்க புதுப் பிரச்சன, தலைவி கையெழுத்து மாதிரிக் கையெழுத்தோட ஒத்துப்போகலையாம். அந்தம்மா நூறு நாள் வேலைய விட்டுட்டு வந்திருக்கு, ஏற்கனவே கூலி போச்சுன்னு கடுப்புல இருக்கு. "சார், ஒரு பேப்பர் குடுங்க, பத்து கையெழுத்து போடறேன், எது உங்களுக்குப் புடிக்குதோ அத எடுத்துக்குங்க"ன்னுச்சு சத்தமா. கியூல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. மேனேஜர் அந்தம்மா ஆதாரப் பாத்துட்டு, பேங்க்ல இருக்கற மாதிரிக் கையெழுத்துல இனிஷியல் இருக்கு, இதுல இல்ல, அவ்வளவு தான் வித்தியாசம்னு அவரே கண்டுபிடிச்சு இனிஷியல போடச் சொல்லி பாஸ் பண்ணிட்டாரு. மொத்தம் அஞ்சு நிமிஷ வேலை.

அந்த வருஷம் 29ம் தேதி புனித வெள்ளி, 31 ஞாயித்துக்கிழமை. காலண்டர பாக்காம இருந்திருந்தா கதை கந்தலாயிருக்கும். ஒண்ணு செய்யுங்க, பிபிஏவ பேங்க்ல குடுக்கும்போது ஜெராக்ஸ் காப்பில தேதியோட சீல் வாங்கிக்குங்க. சீல் போட்டுக் குடுத்தவங்க அத ட்ரேல தூங்க விட மாட்டாங்க. சாயந்தரமே பிஎஃப்எம்எஸ்ல ஸ்டேட்டஸ் பாருங்க, சக்சஸ்னு வர்ற வரைக்கும் யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க.

இதுக்கு நடுவுல வாட்ஸ்அப் குரூப்ல தினம் ஒரு லிஸ்ட். செலவு காட்டாத ஸ்கூல் எல்லாம் சிவப்புல. எங்க ஸ்கூல் சிவப்புல தான் இருந்துச்சு, ஏன்னா பேங்க்ல பணம் போனா தான் அவங்க ஸ்கிரீன்ல செலவுன்னு காட்டும், பில்லு, பைப்பு, வேலை எல்லாம் முடிஞ்சு தண்ணி கொட்டறது கணக்கே இல்ல. அதுலயும் ஒரு கூத்து, பணமே போகாதப்ப யூசி (பயன்பாட்டுச் சான்று) கேட்டாங்க. "முழுசா செலவானதா போட்டு குடுங்க மேடம், அப்புறம் பாத்துக்கலாம்." நான் குடுக்கல. போகாத பணத்துக்கு பயன்பாட்டுச் சான்றுல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஆடிட்ல கேஷ் புக்கும் யூசியும் இடிக்கும்போது அந்த வாட்ஸ்அப் மெசேஜா வந்து எனக்காக பதில் சொல்லும்? "அட்வைஸ் பேங்கில் நிலுவையில் உள்ளது"ன்னு எழுதி, சீல் வச்ச ஜெராக்ஸ இணைச்சு அனுப்பினேன். மொறச்சாங்க, ஆனா வாங்கிகிட்டாங்க.

28ம் தேதி சாயந்தரம் சக்சஸ் வந்துச்சு. யூசி, தீர்மான நோட்டு நகல், பில்லு, ஸ்டாக் ரிஜிஸ்டர் பக்கம், டாய்லெட்டோட வேலைக்கு முன்னாடி, வேலைக்குப் பின்னாடி போட்டோ எல்லாம் கட்டி ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனேன். எல்லாம் சரியா இருக்குன்னாங்க, அப்புறம் ஒரு கேள்வி வந்துச்சு, 14 ரூபா ஏன் செலவாகலன்னு. 50 ஆயிரத்துல 49,986 போயிருக்கு, மீதி 14க்கு விளக்கக் கடிதம் வேணுமாம். அங்கயே ஒரு வெள்ளப் பேப்பர் வாங்கி "மேற்படி தொகைக்கு பள்ளிக்குத் தேவையான பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்"னு எழுதி கையெழுத்துப் போட்டேன். அங்க கேள்வி கேட்டவரு படிச்சுப் பாத்துட்டு தலைய ஆட்டி, ஃபைல்ல சேத்து சீல் அடிச்சுட்டாரு.