மிசிசிப்பிக் கரையில் நவம்பர் அன்னங்கள்

நவம்பரில் மினசோட்டாவில் யாரும் ஊர் சுற்றக் கிளம்ப மாட்டார்கள். இலை நிறம் மாறுவதைப் பார்க்க வரும் கூட்டம் அக்டோபரோடு ஓய்ந்துவிடும். பனிச்சறுக்குக்குப் போகலாம் என்றால் பனி விழுந்திருக்காது. மரமெல்லாம் மொட்டை, வானம் சாம்பல், நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். நம் ஆட்கள் வார இறுதியில் யார் வீட்டிலாவது கூடிப் பிரியாணி சாப்பிட்டுக் கலைவதோடு சரி. என்னைக் கேட்டால், ராச்செஸ்டரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இந்த மாநிலத்தின் ஆகச் சிறந்த காட்சி நடப்பது அந்த மாதத்தில்தான்.

கிழக்கே போகும் 90ஆம் எண் நெடுஞ்சாலையில் மிசிசிப்பியைத் தொட்டு, ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன லா கிரெசன்ட்டைக் கடந்து, 26ஆம் எண் சாலையில் தெற்கே திரும்ப வேண்டும். வலப்பக்கம் செங்குத்தான குன்று, இடப்பக்கம் ஆறு. கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளங்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் போனதால் குன்றுகள் நசுங்காமல் அப்படியே நிற்கின்றன. பிரவுன்ஸ்வில் என்ற சிற்றூர் தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு பார்வை மேடை வரும். பலகையைத் தேட வேண்டியதில்லை. காரின் கண்ணாடியை இறக்கினால் போதும், கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது வாசல்வரை கேட்குமே ஓர் இரைச்சல், அது வந்து காதில் விழும்.

இறங்கிப் பார்த்தால் ஆறு வெள்ளை வெள்ளையாக இருந்தது. "அதுக்குள்ள ஐஸ் கட்டிடுச்சா?" என்றாள் மனைவி. பைனாகுலரைக் கொடுத்தேன். அதன்பிறகு அது என் கைக்குத் திரும்பவில்லை.

இவை டுன்ட்ரா அன்னங்கள். அலாஸ்காவிலும் கனடாவின் வட துருவப் பகுதியிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க அட்லாண்டிக் கரையின் செசபீக் விரிகுடாவுக்கும் வட கரோலினாவுக்கும் போகின்றன. கிழக்குக் கரைக்குப் போகும் இந்த இனத்தின் மொத்தத் தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். அதில் கணிசமான பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது. அக்டோபர் கடைசியில் வரத் தொடங்கி, நவம்பர் நடுவில் உச்சத்தைத் தொட்டு, ஆறு உறையும்வரை தின்றுகொண்டே இருக்கும். இங்கிருந்து கடற்கரைக்கு இன்னும் ஏறக்குறைய ஆயிரம் மைல். அதற்கான கொழுப்பை இந்தச் சேற்றிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

மேடையில் ஒரு பெரியவர் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியை நிறுத்திக்கொண்டு நின்றார். இந்த ஆற்றங்கரை வனவிலங்குக் காப்பகத்தின் தன்னார்வலர். என் மகளின் உயரத்துக்கு முக்காலியை இறக்கிக் கொடுத்தார். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, அது மட்டும் ஏன் அழுக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

அழுக்கில்லை, அது இந்த வருடத்துக் குஞ்சு. உருவத்தில் தாய் தகப்பன் அளவுக்கு வளர்ந்திருந்தாலும் இறகு இன்னும் சாம்பல் நிறம். முதல் குளிர்காலம் முடியும்வரை பெற்றோரோடுதான் இருக்கும். வலசைப் பாதையை அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த வெள்ளைக் கூட்டம் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து தெரியத் தொடங்கும்: இரண்டு வெள்ளை, இரண்டு சாம்பல், இரண்டு வெள்ளை, ஒரு சாம்பல்.

எங்களுக்கு நேர் எதிரே இருந்த குடும்பத்தை ஸ்கோப்பில் பிடித்துக்கொண்டேன். பெரிய அன்னம் ஒன்று நகராமல் நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டிருந்தது. உடம்பு லேசாகக் குலுங்கியது. சுற்றிலும் தண்ணீர் காப்பி நிறமாகக் கலங்கியது. கொஞ்ச நேரம் உதைத்துவிட்டு, வால் மட்டும் வெளியே நிற்கத் தலைகீழாகக் கவிழ்ந்தது. எழுந்தபோது அலகெல்லாம் சேறு; கழுத்திலும் துருப்பிடித்த மாதிரி ஒரு கறை. சேற்றில் புதைந்திருக்கும் கிழங்கைத்தான் அப்படிக் காலால் குழிபறித்து எடுக்கிறது. அம்புமுனை வடிவத்தில் இலை விடும் ஒரு நீர்ச்செடியின் கிழங்கு அது. குஞ்சு அதே குழியில் தலையை விட்டது. அதற்கு முன்னாலேயே நாலைந்து வாத்துகள் சுற்றி வந்து மிதந்து வரும் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்திருந்தன. உழைப்பவன் ஒருவன், தின்பவர்கள் பலர். அன்னம் ஒருமுறை கழுத்தை நீட்டி விரட்டியது. வாத்துகள் இரண்டடி நகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தன.

பெரியவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து அந்தக் கிழங்கைக் காட்டினார். இரண்டு விரலுக்குள் அடங்கும் உருண்டை. முகர்ந்தால் ஏரிச் சேற்றின் வாசம். "இது இருந்தா அன்னம் வரும், இல்லேன்னா வராது. அவ்வளவுதான் விஷயம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு ஆற்றின் நடுவே நீளநீளமாகக் கிடந்த தீவுகளைக் காட்டி, அதெல்லாம் மனிதர்கள் போட்டவை என்றார்.

இந்த இடத்தில் எனக்கு ஆர்வம் பறவையிலிருந்து ஆற்றுக்குத் தாவிவிட்டது. 1930களில் சரக்குப் படகுகளுக்கு ஒன்பது அடி ஆழம் வேண்டும் என்று மேல் மிசிசிப்பியில் வரிசையாக அணைகளும், படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் லாக்குகளும் கட்டினார்கள். எட்டாம் எண் அணை கொஞ்சம் தெற்கே, எதிர்க்கரையில், விஸ்கான்சினின் ஜெனோவாவில் இருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அது தேக்கிய நீர். எட்டாம் எண் பூல் என்பார்கள். அணை கட்டியதும் தாழ்வான காடும் புல்வெளியும் மூழ்கி, மேடெல்லாம் தீவுகளாக நின்றன. முதலில் பறவைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் வருடக்கணக்கில் அலை அடித்து அடித்துத் தீவுகள் கரைந்தன. தடுக்கத் தீவு இல்லாததால் காற்று அலையைக் கிளப்ப, அலை சேற்றைக் கிளப்ப, வெளிச்சம் அடிவரை இறங்காமல் நீர்ச்செடிகள் அழிந்தன. செடி போனதும் கிழங்கும் போனது.

அணை கட்டிய அதே ராணுவப் பொறியாளர் படைதான் மத்திய, மாநில வனவிலங்குத் துறைகளோடு சேர்ந்து பிற்பாடு தீவுகளைத் திரும்பப் போட்டது. கப்பல் கால்வாயைத் தூர்வாரிய மணலைக் குவித்து, மேலே வண்டல் பரப்பி, ஓரத்தில் கல் அடுக்கிக் கட்டியவை அவை. போதாததற்கு 2001, 2002 கோடைகளில் இந்தப் பூலின் நீர்மட்டத்தையே ஒன்றரை அடி இறக்கி, சேற்றுத் தரையை வெயிலில் காயவிட்டார்கள். மண்ணில் தூங்கிக் கிடந்த விதைகள் முளைத்தன. நம்மூரில் ஏரி வற்றிய வருடத்துக்குப் பிறகு கோரை எப்படிக் கிளம்பும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆக, எதிரே தெரிவதை "இயற்கை" என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நாக்குக் கூசுகிறது. கெடுத்தவர்களே உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சரிசெய்த ஆறு இது. அன்னத்துக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

இடமும் நிலையானதல்ல. வடக்கே, விஸ்கான்சினின் ஆல்மாவில் ரீக்ஸ் ஏரி என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அன்னம் பார்க்க எல்லோரும் அங்கேதான் போவார்கள். அங்கே செடிகள் மாறிப்போக, கூட்டமும் இடம் மாறிவிட்டது.

இதற்கெல்லாம் அடிப்படை 1924இல் அமைந்த வனவிலங்கு, மீன் காப்பகம். வில் டில்க் என்ற சிகாகோ விளம்பரத் துறைக்காரர், தூண்டில் போடுவதில் பைத்தியம், தான் மீன் பிடித்த ஆற்றோரச் சதுப்புகளை வடிகட்டி வயலாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வாஷிங்டனில் போய் உட்கார்ந்து சட்டம் வாங்கிவிட்டார். மினசோட்டாவின் வபாஷா அருகிலிருந்து இல்லினாயின் ராக் ஐலண்டு வரை 261 மைல் நீளம். வேட்டைக்கு இங்கே அனுமதி உண்டு. ஆனால் பிரவுன்ஸ்வில் எதிரே உள்ள நீர்ப்பரப்பு பருவத்தில் வாத்து வேட்டைக்கு மூடப்பட்ட பகுதி. கூட்டம் இங்கேயே குவிந்து கிடப்பதற்கு அது முக்கியக் காரணம்.

அன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்றதைத் தவறவிடுவோம். தூரத்தில் கருப்புக் கோடுபோலத் தெரிந்தவை கான்வாஸ்பேக் வாத்துகள், செந்தலை, வெண்முதுகு. இந்த வாத்தினத்தில் ஏறக்குறைய பாதி இலையுதிர்காலத்தில் இந்தக் காப்பகத்தில் தங்கிப் போகிறது. வேடந்தாங்கலில் பார்க்கும் அதே ஊசிவால் வாத்து இங்கேயும் இருந்தது. நம்மூர் நாமக்கோழியின் பங்காளிகள் நூற்றுக்கணக்கில் மிதந்தன. கரைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கூட்ஸ் வண்டி நீளமாக ஊதிக்கொண்டு போனபோது ஒரு பறவையும் தலை திருப்பவில்லை. மரத்திலிருந்து ஒரு வெண்தலைக் கழுகு கிளம்பியதுதான் தாமதம், சிதறிக் கிடந்த நாமக்கோழிகள் சட்டென்று ஒட்டிச் சேர்ந்து ஒரே கருப்புத் திட்டாயின. கழுகு ஒன்றை மட்டும் தனியாகப் பிரிக்கப் பார்த்து, சலித்துப்போய், ஒரு தீவின் நுனியில் கிடந்த செத்த நாமக்கோழியை எடுத்துக்கொண்டது.

அந்தச் சாவுக்கும் ஒரு கதை உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சிறு நத்தை இந்த ஆற்றில் பரவிவிட்டது. அதற்குள் இருக்கும் ஒட்டுண்ணிப் புழு, நத்தையைத் தின்னும் நாமக்கோழிகளையும் ஸ்காப் வாத்துகளையும் குடலைக் கெடுத்துக் கொல்கிறது. 2002 முதல் இந்தப் பகுதியில் இது நடந்துவருகிறது. தீவு போட்டுச் செடி வளர்த்த மாதிரி இதற்கு வழி கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மேடை கிழக்கு நோக்கி இருப்பதால் காலையில் வெயில் கண்ணில் அடிக்கும். மதியம் ஒரு மணிக்கு மேல் போனால் வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து விழும். மூன்றரைக்கெல்லாம் குன்றின் நிழல் இறங்கிவிடும். ஆற்றுக் காற்றை வீட்டிலிருந்து கிளம்பும்போது தெரியும் வெப்பநிலையை வைத்து எடைபோடாதீர்கள். இரண்டு ஜோடி சாக்ஸ் அவசியம். கழிப்பறை வேலையை லா கிரெசன்ட்டிலேயே முடித்துவிடுங்கள். நவம்பரின் நான்காம் வியாழனில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய வாரங்கள்தான் பாதுகாப்பான தேதி. அதற்குமேல் ஒரே இரவில் ஆறு உறைந்து, மறுநாள் ஓர் அன்னம்கூட மிஞ்சாமல் போகலாம். அப்படி ஆகிவிட்டால் வண்டியை வடக்கே வபாஷாவுக்குத் திருப்புங்கள். அங்கே உறையாத நீரோட்டத்தில் மீன் பிடிக்கக் கழுகுகள் குளிர்காலம் முழுக்க இருக்கும்.