கறுப்பு வெள்ளையில் ப்ரூஸ் லீ

சைனீஸ் சண்டைப் படங்களை வெள்ளைக்காரர்கள் ஏன் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள் என்று கேட்டால், எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அவர்களுக்கு அது புதுசு. வெள்ளைத் தாடி குரு, மலை உச்சியில் மடம், மூங்கில் காடு, இதிலெல்லாம் சொக்கிவிட்டார்கள் என்பார்கள். எனக்கு இந்தப் பதிலில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் முதலில் கேசட் கடை, பிறகு சிடி கடை என்று காலம் தள்ளியவன் நான். யார் எந்தப் படத்தை எடுத்துப் போனார்கள், மறுநாள் திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொன்னார்கள் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கடை மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரம். வடக்கே போனால் கோட்டக்குப்பம், அதைத் தாண்டினால் குயிலாப்பாளையம், ஆரோவில். டவுனுக்குச் சாமான் வாங்க வரும் ஆரோவில்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படமும் எடுத்துப் போவார்கள். கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு பிரெஞ்சு மதாம்கள் வருவார்கள். சோலைநகர்ப் பையன்கள் எப்போதும் இருப்பார்கள். இவர்கள் போக, லீவுக்கு வரும் சொல்தா வீட்டுப் பிள்ளைகள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமையும் பென்ஷனும் வாங்கிய புதுச்சேரித் தமிழர்கள்தான் சொல்தாக்கள். தோல் நம் நிறம், பாஸ்போர்ட் பிரான்ஸ். மேற்கத்திய ரசிகர்கள் என்று பேசுகிறவர்கள் இவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு விஷயம் புரிந்ததே இவர்களில் ஒருவரால்தான்.

அம்மாவின் தம்பி. பட்டாளத்தை முடித்துக்கொண்டு பாரிஸ் புறநகரான சார்செல்லில் குடியேறியவர். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் சாக்லேட், சென்ட் பாட்டில், வீடியோ கேசட். அப்படி ஒருமுறை கொண்டுவந்ததுதான் ‘ஒப்பெராசியோன் திராகோன்’. ‘என்டர் த டிராகன்’ படத்துக்கு பிரான்சில் அதுதான் பெயர். அங்கே டிவிக்கு சீகாம் முறை, நமக்கு பால் முறை. அந்த கேசட்டை நம்மூர் டெக்கில் போட்டால் படம் ஓடும், கலர் வராது. ஆக முத்தியால்பேட்டையில் ஒரு தலைமுறைப் பையன்கள் ப்ரூஸ் லீயை பிரெஞ்சு டப்பிங்கில், கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தார்கள். கடைசியில் வரும் கண்ணாடி அறைச் சண்டை கறுப்பு வெள்ளையில் இன்னும் நன்றாக இருக்கிறது என்று இன்றைக்கும் நான் வாதாடுவேன்.

மாமாவுக்கு அந்தப் படத்தைவிடப் பிடித்தது 1972-இல் வந்த ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’. கதை நடப்பது அந்நியர்கள் கோலோச்சிய ஷாங்காயில். பூங்கா வாசலில் நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதியில்லை என்று ஒரு பலகை. ப்ரூஸ் லீ எகிறி ஓர் உதை விடுவார், பலகை தூளாகும். இதை மாமா பார்த்தது சார்செல் பக்கத்தில் ஏதோ பழைய தியேட்டரில். “பக்கத்து சீட்டுல அல்ஜீரியாக்காரன், பின்னாடி செனகல்காரன். பலகை உடைஞ்சப்போ எல்லாரும் நாற்காலி மேல ஏறிட்டான் மாப்ள. நானும் ஏறிட்டேன்” என்பார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கறுப்பர் நகரம், அந்தப் பக்கம் வெள்ளையர் நகரம் என்று பிரித்து வைத்திருந்த ஊரில் பிறந்தவர் அவர். அந்த உதை அவருக்கு எங்கே போய் விழுந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் எங்கே இருக்கிறது கிழக்கத்திய மர்மம்? அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். வெள்ளைக்காரக் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபோன பிறகு நகர நடுவில் இருந்த பெரிய தியேட்டர்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. 1973 மார்ச்சில் வார்னர் பிரதர்ஸ், ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் எடுத்த படம் ஒன்றை ‘ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஆஃப் டெத்’ என்று பெயர் மாற்றி அங்கே இறக்கியது. கூட்டம் அம்மியது. அந்த மே மாதம் ஒரு வாரத்தில் அமெரிக்க வசூல் பட்டியலின் முதல் மூன்று இடமும் ஹாங்காங் படங்களுக்கே. ஜூலை 20-ஆம் தேதி ப்ரூஸ் லீ 32 வயதில் செத்துப்போகிறார். ஆகஸ்டில் ‘என்டர் த டிராகன்’ வருகிறது. மீதியை எல்லோரும் அறிவார்கள். அந்தத் தியேட்டர்களை நிரப்பியதில் பெரும்பங்கு கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்களுக்கு உண்டு. அந்தப் படத்தில் ஜிம் கெல்லி என்ற கறுப்பின கராத்தே வீரரைச் சேர்த்ததும் கூட்டம் யாருடையது என்று தெரிந்துதான் இருக்க வேண்டும். நியூயார்க் 42-ஆம் தெருத் தியேட்டர்களில் இந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் பின்னாளில் வூ டாங் க்ளான் என்று ராப் குழு தொடங்கி, 1993-இல் வந்த முதல் ஆல்பத்துக்கே ஷாவ்லின் என்ற குங்ஃபூ மடத்தைப் பற்றிய படமொன்றின் பெயரைச் சேர்த்து வைத்தார்கள். தரை டிக்கெட்தான் முதலில் வந்தது. பால்கனி வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

(பாரிஸில் அறிவுஜீவிகளும் சும்மா இருக்கவில்லை. அதே 1973-இல் ரெனே வியேனே என்பவர் ஒரு ஹாங்காங் சண்டைப் படத்தை எடுத்து, சத்தத்தை அழித்துவிட்டு, பாட்டாளிகளுக்கும் அதிகாரவர்க்கத்துக்கும் நடக்கும் போராட்டமாக பிரெஞ்சில் வசனம் பேச வைத்தார். உதைத்துக்கொண்டே மார்க்ஸியம் பேசுவார்கள். மாமாவிடம் சொன்னபோது, “பாதி வசனம் எங்க ஃபாக்டரி யூனியன்காரன் பேசினதுதான்” என்றார்.)

பால்கனி வந்தது 2000-இல். ‘க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’. தைவானில் பிறந்த ஆங் லீ எடுத்தது. நான்கு ஆஸ்கர், அமெரிக்காவில் மட்டும் 128 மில்லியன் டாலர் வசூல். சப்டைட்டில் படித்தே பழக்கமில்லாத நாட்டில் அவ்வளவு கூட்டம். என் கடையிலும் வெளிநாட்டுக்காரர்களிடம் இந்த சிடி நிற்காமல் சுற்றியது. குயிலாப்பாளையத்தில் மண்பாண்டம் செய்யும் மதாம் ஒருவர் திருப்பிக் கொடுக்கவே மனசில்லாமல் வாடகையை நீட்டித்துக்கொண்டே போனார்.

சோலைநகர்ப் பையன்களிடம் அதே படம் படுத்துவிட்டது. எடுத்துப் போன அன்று ராத்திரியே கடைக்கு வந்து, “இன்னாண்ணே, ஆரம்பிச்சு கால் மணி நேரம் பேசிக்கினே கீறாங்க, சண்டை எப்பண்ணே வரும்?” என்று சண்டைக்கு வந்தான் ஒருவன். மூங்கில் உச்சியில் நின்று வாள் வீசுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். நாம் விட்டலாச்சார்யா படம் பார்த்து வளர்ந்தவர்கள். ஆள் பறப்பதெல்லாம் நமக்கு ஒரு செய்தியா? சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், ஹாங்காங்கிலும் சீனாவிலும்கூடப் படம் பெரிதாக எடுபடவில்லை. பறக்கிற வாள் வீரர்களைத் தாத்தா காலத்திலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். போதாக்குறைக்கு நாயகன் சோவ் யுன் ஃபாட்டின் தாய்மொழி கண்டோனீஸ், நாயகி மிஷெல் யோ மலேசியாக்காரர். இருவரும் பேசிய மாண்டரின் அங்கே காதுக்கு உறுத்தியதாம். அமெரிக்காக்காரனுக்கு இது எதுவும் கேட்கவில்லை.

அப்படியானால் புதுசு என்பதுதானே காரணம் என்று கேட்கலாம். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். அந்த மதாம் ஒருநாள் கடையில் உட்கார்ந்து, சின்ன வயதில் பார்த்த ஃப்ரெட் அஸ்டேர் நடனப் படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஆடும்போது தலை முதல் கால் வரை ஃப்ரேமுக்குள் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பாராம். வெட்டாமல், க்ளோசப் போடாமல், முழு உடம்பு. பிறகு ஹாலிவுட்டில் அந்த மாதிரி நடனப் படங்கள் படுத்துப்போயின. ஆட்கள் அடித்துக்கொண்டால் முகம், முஷ்டி, உடையும் மேஜை என்று துண்டு துண்டாகக் காட்டினார்கள். ஹாங்காங் படத்தில் இரண்டு பேர் முழுசாக நின்று, மூச்சு விடாமல் பத்து, பதினைந்து அடி கொடுத்து வாங்குவதைக் காட்டினால், அவர்கள் பறிகொடுத்த ஒன்று திரும்பக் கிடைத்த மாதிரி இருக்காதா?

இது சும்மா வந்த வித்தையும் கிடையாது. ஜாக்கி சான் ஏழு வயதில் ஹாங்காங்கில் பீக்கிங் ஓபரா பள்ளியில் சேர்க்கப்பட்டு, பத்து வருஷம் பாட்டு, கரணம், கம்பு, அடி உதை எல்லாம் வாங்கி வெளியே வந்தவர். சம்மோ ஹங், யுன் பியாவ் எல்லாம் கூடப் படித்தவர்கள். அதாவது மேடையில் கூத்து கட்டப் பழகிய உடம்புகளைத்தான் சினிமா எடுத்துக்கொண்டது. பெரும்பாலும் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள் என்பதால் ஷூட்டிங்கில் மைக் தொல்லையும் இல்லை. நம்மூரில் எம்ஜிஆர் கம்பு சுற்றினால் கால் கட்டை விரல் வரை தெரியும் அல்லவா, நமக்கு அது விட்டுப்போகவே இல்லை. பிறகு நாமும் வெட்டி வெட்டிக் காட்ட ஆரம்பித்தோம், அது வேறு புலம்பல்.

ஜாக்கி சான் விஷயத்தில் இன்னும் பச்சையாகவே தெரியும். 1983-இல் வந்த ‘ப்ராஜெக்ட் ஏ’ படத்தில் மணிக்கூண்டின் முள்ளைப் பிடித்துத் தொங்கி, கை நழுவி, கீழே கட்டிய துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் வந்து விழுவார். இன்னொரு டேக்கில் விழுந்ததையும் படத்திலேயே சேர்த்திருப்பார்கள். அந்தக் கடிகாரத் தொங்கல் 1923-இல் ஹாரல்ட் லாய்ட் என்ற அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர் செய்தது. அதே மௌனப்படக் காலத்து பஸ்டர் கீட்டனையும் ஜாக்கி வாய் நிறையப் புகழ்ந்திருக்கிறார். ஆக, அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்ததைத் தூசி தட்டி, இடுப்பெலும்பைப் பணயம் வைத்து அவர்களுக்கே காட்டினார் ஒரு ஹாங்காங்காரர். அந்த கேசட் சுற்றிய வாரம் எங்கள் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு பையன்கள் நின்றதைக் கண்டு எதிர் டீக்கடைக்காரர் என்னைத்தான் திட்டினார்.

அஸ்டேரும் லாய்டும் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். அந்த மதாமைப் போல பால்கனியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது உண்மை. மாமாவுக்கு அஸ்டேர் யாரென்றே தெரியாது. அவருக்கு அந்தப் பலகை போதும். 2011 ஜனவரியில் ‘லைஃப் ஆஃப் பை’ எடுக்க அதே ஆங் லீ நம்மூருக்கு வந்து, பொட்டானிக்கல் கார்டனை மிருகக்காட்சி சாலையாக்கி வைத்திருந்தபோது, ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. பொங்கலுக்கு வந்திருந்த மாமாவையும் கூப்பிட்டேன். “பறக்கிற படம் எடுத்தவரா? வேணாம், அவரு மத்தவங்களுக்கு எடுக்கிறாரு” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ‘ஏழாம் அறிவு’ படம் வந்த பிறகு போதிதர்மர் ஜுரம் வேறு பிடித்தது. கடைக்கு வரும் வெள்ளைக்காரர்களைப் பிடித்து நிறுத்தி, குங்ஃபூ எங்க காஞ்சிபுரத்துச் சொத்து என்று பையன்கள் வகுப்பெடுத்தார்கள். போதிதர்மர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. அவரைப் பாரசீகர் என்று சொல்லும் ஆறாம் நூற்றாண்டுக் குறிப்பும் உண்டு. ஷாவ்லின் துறவிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார் என்ற கதை 17-ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றிலிருந்து கிளம்பியது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. இதைச் சொன்னதற்கு எனக்குத் தமிழ்த் துரோகிப் பட்டம் கிடைத்தது. ஆரோவில்காரர்கள் மட்டும் இந்தக் கதையை ஆசையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்த அளவுக்கு, கிழக்கத்திய மர்மம் கட்சிக்காரர்கள் சொல்வதும் சரிதான்.

‘க்ரௌச்சிங் டைகர்’ முடிவில், வீட்டை விட்டு ஓடிவந்த இளம்பெண் மலையிலிருந்து குதிப்பாள் (இனிமேல் பார்க்கப் போகிறவர்கள் மன்னிக்க, கால் நூற்றாண்டு ஆகிவிட்டது). அவள் விடுதலையடைந்தாள் என்று மதாம் கண் கலங்கினார். “சோறு போட்டு வளத்த வீட்டை விட்டுட்டு வந்து குதிக்கிறதா?” என்று மாமா கோபப்பட்டார். அன்றைக்குச் சண்டை எப்போது வரும் என்று கேட்ட சோலைநகர்ப் பையன் கேட்டது ஒன்றுதான்: “பார்ட் டூ இருக்காண்ணே?”

இருந்தது, 2016-இல் வந்தது. கடையை மூடி வருஷங்கள் ஆகியிருந்தன; அந்தப் பையன் சென்னையில் ஏசி மெக்கானிக். மேற்கில்தான் காசு என்று தெரிந்துபோனதால் இந்த முறை படத்தை இங்கிலீஷிலேயே எடுத்து, நெட்ஃபிளிக்ஸில் விட்டிருந்தார்கள். முதல் படத்துக்குச் சண்டை அமைத்த யுன் வூ பிங்தான் இயக்கம், மிஷெல் யோவும் உண்டு. பார்த்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்தான்.

“சண்டை சீக்கிரமே வந்துடுச்சுண்ணே. ஆனா எல்லாம் இங்கிலீஷ்ல பேசுறானுங்க. எவனோ டப்பிங் சிடியை நம்ம தலையில கட்டிட்டான் போலக் கீது.”